தோட்டாவின் விலை ஐந்து காசு

1968ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி, உழைப்பாளர் தினம். ஷாங்ஹாய் நகரில் ஒரு வீட்டின் கதவைப் போலீஸ்காரர் ஒருவர் தட்டினார். உள்ளே இருந்தவர்கள் ஒரு தாயும் அவருடைய இளைய மகளும். மூத்த மகள் ஏறக்குறைய எட்டு ஆண்டுகளாகச் சிறைவாசி. வந்தவர் அதிகம் பேசவில்லை. மூத்த மகளுக்கு ஏப்ரல் 29ஆம் தேதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டுவிட்டது என்றார். சுடுவதற்குச் செலவான தோட்டாவுக்குக் குடும்பத்தார் ஐந்து காசு கட்ட வேண்டும் என்றார்.

தாய்க்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. தங்கைதான் மேசை இழுப்பறையைத் திறந்து, ஐந்து காசை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். விசாரணை நடந்ததும் தெரியாது, தீர்ப்பு மாறியதும் தெரியாது. மகளின் இறுதி நேரத்தைப் பற்றி அரசாங்கம் அந்த வீட்டுக்குக் கொடுத்த ஒரே தகவல் அந்தச் சில்லறைக் கணக்குதான்.

கொல்லப்பட்டவரின் பெயர் லின் ஜாவ். வயது 36. சிறைக்குள் போனபோது வயது 28.

இவர் யார்? புரட்சியால் நிலத்தை இழந்த பண்ணையார் வீட்டுப் பெண்ணா? அந்நிய நாட்டுக்கு உளவு பார்த்தவரா? இரண்டும் இல்லை. சீனப் புரட்சியை உயிராக நினைத்து, அதற்காகப் பெற்றோரையே உதறிவிட்டுப் போனவர். இந்த வரலாற்றின் கனம் அங்கேதான் இருக்கிறது.

வீட்டை விட்டுப் போன மகள்

கால்வாய்களுக்கும் பட்டுக்கும் பேர் போன சூசோ நகரத்தில், 1930களின் தொடக்கத்தில் பிறந்தவர் லின் ஜாவ். பெற்றோர் வைத்த பெயர் பெங் லிங்ஜாவ். தந்தை பெங் குவோயான், குவோமின்தாங் ஆட்சிக் காலத்தில் மாவட்ட அதிகாரியாக இருந்தவர். தாய் சூ சியான்மின், ஜப்பானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த இயக்கத்தில் ஈடுபட்டவர். பொது வாழ்க்கையில் துணிச்சலாக இறங்கிய பெண்மணி.

அந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு சாவு விழுந்திருந்தது. தாயின் அண்ணன் சூ ஜின்யுவான் கம்யூனிஸ்டு கட்சிக்காரர். 1927ஆம் ஆண்டு சியாங் கை ஷேக் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடியபோது நான்ஜிங் நகரில் கொல்லப்பட்டார். புரட்சிக்காக மாமா உயிரைக் கொடுத்த கதையைக் கேட்டுத்தான் மருமகள் வளர்ந்தார். தாய்மாமனைக் கொன்றது ஒரு கட்சி. மருமகளைக் கொன்றது அதன் எதிர்க்கட்சி. இடையில் 41 ஆண்டுகள்.

லின் ஜாவ் படித்தது அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனரிகள் சூசோவில் நடத்திய பெண்கள் பள்ளியில். மெதடிஸ்ட் பள்ளிக்கூடம் என்றால் நம் ஊர் வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அங்கே அவர் கிறிஸ்துவ சமயத்தைத் தழுவினார். அதே வயதில், சரியாகச் சொன்னால் 16 வயதில், இரகசியமாகக் கம்யூனிஸ்டு கட்சியிலும் சேர்ந்தார். இந்த இரண்டும் எப்படி ஒத்துப் போகும் என்று இன்று கேட்கலாம். லஞ்சமும் பணவீக்கமும் உள்நாட்டுப் போரும் நாட்டைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. ஏழைக்கு நீதி வேண்டும் என்று நினைத்த ஒரு பள்ளி மாணவிக்கு இரண்டும் ஒரே பாதையாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

1949ஆம் ஆண்டு கம்யூனிஸ்டுகளின் படை அந்த வட்டாரத்தைப் பிடித்தது. மகளை வெளிநாட்டில் படிக்க வைக்கப் பெற்றோர் விரும்பினர். மகளோ கட்சி நடத்திய பத்திரிகைப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டார். இனி உயிரோடு இருக்கும்வரை உறவு இல்லை, செத்தாலும் துக்கத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மாவோவைத் தந்தை என்று அழைத்துக் கடிதம் எழுதிய காலம் அது.

பயிற்சி முடிந்ததும் நிலச் சீர்திருத்தக் குழுவில் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார். நிலத்தைப் பிடுங்கி ஏழைகளுக்குப் பங்கிடும் வேலை. கூடவே பண்ணையார்களை ஊர்க் கூட்டத்தில் நிறுத்தி அவமானப்படுத்தும் வேலையும் உண்டு. ஒரு குளிர்கால இரவில் ஒரு பண்ணையாரை உறையும் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைத்தார்கள். அந்த மனிதரின் ஓலத்தைக் கேட்டபோது தன் மனத்தில் ஒரு கொடூரமான மகிழ்ச்சி எழுந்தது என்று லின் ஜாவ் தோழிக்கு எழுதினார். அப்போது அவருக்கு 20 வயதுகூட நிரம்பியிருக்குமா என்பது சந்தேகம்.

அவரைத் தியாகியாக மட்டும் காட்ட விரும்புகிறவர்கள் இந்தச் சம்பவத்தை விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. பின்னாளில் அவர் எழுதியவற்றின் பொருள் இந்தத் தொட்டியைத் தெரிந்துகொண்டால்தான் முழுமையாகப் புரியும்.

அடுத்த நெருக்கடி சொந்தத் தாயின் வடிவில் வந்தது. பழைய ஆட்சியோடு தொடர்புடைய குடும்பம் அல்லவா? தாயைப் பற்றிப் புகார் எழுதிக் கொடு என்று கட்சிக் குழு நெருக்கியது. எழுதினார். தனக்குத் தெரியாத, நடக்காத விஷயங்களையும் எழுதிக் கொடுத்தார். பின்னர் தாயிடமே வந்து அதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். உண்மையல்லாத ஒன்றை இன்னொருவருக்காக எழுதுவது எவ்வளவு எளிது, பிறகு அதைச் சுமப்பது எவ்வளவு கடினம் என்பதை அவர் அந்த வயதிலேயே கற்றுக்கொண்டார். அதற்குப் பின் வந்த வாழ்க்கையில், எழுது என்று மிரட்டியவர்கள் யாருக்கும் அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

வாய்க்கு மேலே கத்தி

1954ஆம் ஆண்டு பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் சீன இலக்கியமும் பத்திரிகைத் துறையும் படிக்கச் சேர்ந்தார் லின் ஜாவ். நோஞ்சான் உடம்பு, இரட்டைப் பின்னல், கூர்மையான நாக்கு. பழஞ்சீனக் கவிதையில் நல்ல புலமை. மாணவர் இதழின் ஆசிரியர் குழுவில் இருந்தார்.

1957ஆம் ஆண்டு வசந்த காலத்தில் கட்சித் தலைமை ஓர் அழைப்பு விடுத்தது. கட்சியின் குறைகளை மக்கள் அஞ்சாமல் எடுத்துச் சொல்லலாம், நூறு பூக்கள் மலரட்டும் என்பது அந்த அழைப்பு. நம்பினார்கள். மே 19ஆம் தேதி பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் சாப்பாட்டுக்கூடச் சுவரில் விமர்சனச் சுவரொட்டிகள் ஒட்டத் தொடங்கினர். லின் ஜாவின் நண்பர் சாங் யுவான்சுன் எழுதிய ஒரு கவிதைதான் பெரிய சலசலப்பை உண்டாக்கியது.

மே 22ஆம் தேதி இரவு, திறந்தவெளியில் மாணவர் கூட்டம். சாங் யுவான்சுனை ஒருவர் பின் ஒருவராகத் தாக்கிப் பேசினர். இருட்டில் ஒரு மேசை மீது ஏறி நின்று ஒரு பெண் குரல் கொடுத்தது. குறை சொல்லச் சொன்னது நீங்கள்தானே, சொன்னவுடன் ஏன் பாய்கிறீர்கள் என்பது அந்தக் குரலின் கேள்வி. கட்சிக் கட்டுப்பாடு ஒரு பக்கம் இழுக்கிறது, மனசாட்சி மறுபக்கம் இழுக்கிறது என்றும் அந்தக் குரல் சொன்னது. யார் நீ, பெயரைச் சொல் என்று கூட்டத்திலிருந்து ஓர் அதட்டல். அவர் தயங்காமல் பெயரை எழுத்து எழுத்தாகப் பிரித்துச் சொன்னார்.

அங்கே ஒரு சின்ன விளக்கம் வேண்டும். லின் என்ற சீன எழுத்து இரண்டு மரங்கள் சேர்ந்தது. ஜாவ் என்ற எழுத்தில் ஒரு பக்கம் சூரியன். மறுபக்கம் மேலே கத்தி, கீழே வாய். ஒளி என்ற பொருள் தரும் எழுத்துதான், ஆனால் பிரித்துப் பார்த்தால் வாய்க்கு மேலே கத்தி தொங்குகிறது. அந்த இரவில் அவர் அதைத்தான் சொல்லிக் காட்டினார்.

ஜூன் மாதம் காற்று திரும்பியது. பேசச் சொன்னவர்களே, பேசியவர்களைப் பட்டியல் எடுத்தார்கள். நாடு முழுவதும் சுமார் 5 லட்சத்து 50 ஆயிரம் பேர் மீது வலதுசாரி என்ற முத்திரை விழுந்தது என்பது அரசாங்கமே பின்னர் ஒப்புக்கொண்ட கணக்கு. லின் ஜாவும் அதில் ஒருவர். சாங் யுவான்சுனுக்கு 8 ஆண்டு சிறை. கூடப் படித்தவர்கள் பலர் தவற்றை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துத் தப்பித்தனர். லின் ஜாவ் எழுதிக் கொடுக்கவில்லை. தூக்க மாத்திரைகளை விழுங்கினார். காப்பாற்றப்பட்டார்.

உடல் நலம் இல்லாததால் தொலைதூர முகாமுக்கு அனுப்பாமல், பெய்ஜிங் மக்கள் பல்கலைக்கழகத்தில் பத்திரிகைகளை அடுக்கி வைக்கும் வேலை கொடுத்தனர். அதே இடத்தில் கான் சுய் என்ற இன்னொரு வலதுசாரி மாணவரும் இருந்தார். இருவரும் காதலித்தனர். திருமணத்துக்குக் கட்சியின் அனுமதி கேட்டனர், மறுக்கப்பட்டது. கான் சுய்யைச் சின்ஜியாங்கில் உழைப்பு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் அங்கே கழித்தது ஏறக்குறைய 20 ஆண்டுகள். 1959இல் லின் ஜாவ், நோயாளியாக, தாய் வீடு இருந்த ஷாங்ஹாய்க்குத் திரும்பினார்.

தீப்பொறி

அந்த ஆண்டுகளில் சீனக் கிராமங்களில் நடந்தது, உலகம் கண்ட மிகப் பெரிய பஞ்சம். வீட்டுச் சமையலறைகளை மூடிவிட்டு, கொல்லைப்புற உலைகளில் இரும்பு உருக்கச் சொன்ன காலம். விளைச்சலைப் பொய்யாகப் பெருக்கிக் காட்டினார்கள். அந்தப் பொய்க் கணக்கின்படி தானியத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மாண்டவர்கள் 15 மில்லியன் என்று சிலரும், 40 மில்லியனுக்கு மேல் என்று சிலரும் கணக்கிடுகிறார்கள்.

கான்சு மாநிலத்தின் தியான்சுய் வட்டாரம் மிகக் கொடுமையாக அடிபட்ட பகுதிகளில் ஒன்று. லான்சோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சில மாணவர்கள், வலதுசாரிகள் என்று முத்திரை குத்தப்பட்டு, உழைத்துத் திருந்துவதற்காக அங்கே அனுப்பப்பட்டிருந்தனர். திருந்த வந்தவர்கள் கண்டது பட்டினிப் பிணங்களை. பத்திரிகைகளோ அமோக விளைச்சல் என்று எழுதிக்கொண்டிருந்தன. தாங்களே ஓர் இதழ் நடத்துவது என்று முடிவு செய்தார்கள். சாங் சுன்யுவான் என்ற இளைஞர் அதற்கு முன்னின்றார். 1960ஆம் ஆண்டு ஜனவரியில் முதல் இதழ், ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைலில் உருட்டி எடுத்த சில பக்கங்கள். பிரதிகள் முப்பதை ஒட்டி. பெயர் ‘தீப்பொறி’. லெனின் நடத்திய பத்திரிகையின் பெயரும் தீப்பொறிதான் என்பது அதைத் தடை செய்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

லின் ஜாவ் எழுதிய நெடுங்கவிதை அந்த முதல் இதழில் வந்தது. மனிதருக்கு நெருப்பைக் கொண்டு வந்து கொடுத்ததற்காகப் பாறையில் கட்டப்பட்டு, கழுகு ஈரலைக் கொத்தத் துன்புற்ற கிரேக்கப் புராண நாயகன் புரோமிதியூஸைப் பற்றிய கவிதை அது.

இரண்டாவது இதழ் வெளிவரவே இல்லை. அதே ஆண்டு இலையுதிர் காலத்துக்குள் மாணவர்கள், அவர்களுக்கு உதவிய விவசாயிகள், உள்ளூர் கட்சி அதிகாரி து யிங்ஹுவா என நாற்பதுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டனர். சாங் சுன்யுவானும் து யிங்ஹுவாவும் 1970ஆம் ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முப்பது பிரதி இதழுக்கு இத்தனை உயிர்கள்.

லின் ஜாவ் கைதான நாள் 1960 அக்டோபர் 24. செய்தி அறிந்த ஒரு மாதத்தில் தந்தை நஞ்சருந்தி இறந்தார்.

எழுத்தை நிறுத்தாத கைதி

1962ஆம் ஆண்டு தொடக்கத்தில் நோய் காரணமாக அவரைப் பிணையில் விட்டார்கள். அடங்கிப் போயிருந்தால் பிழைத்திருக்கலாம். அவரோ பெய்ஜிங் பல்கலைக்கழகத் தலைவருக்குக் கடிதம் எழுதி, தண்டிக்கப்பட்ட மாணவர்களுக்காகக் குரல் கொடுக்கச் சொன்னார். தம் கட்டுரைகளை ஒரு வெளிநாட்டவர் மூலம் நாட்டுக்கு வெளியே அனுப்பவும் முயன்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் மீண்டும் சிறை. இந்த முறை அவர் வெளியே வரவில்லை.

அவர் பெரும்பகுதியைக் கழித்தது ஷாங்ஹாய் திலான்சியாவ் சிறையில். அந்தக் காலத்து ஆங்கிலேய நிர்வாகம் 1900களின் தொடக்கத்தில் கட்டிய பெருஞ்சிறை அது. அடி, தனிமைச் சிறை, முதுகுக்குப் பின்னால் கைகளை மடக்கிப் பூட்டிய விலங்கு. ஒருமுறை அந்த விலங்கு தொடர்ந்து 180 நாட்கள் கழற்றப்படவில்லை என்று அவரே பதிவு செய்திருக்கிறார். 1965 மே 31ஆம் தேதி 20 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மறுநாளே அதற்கு மறுப்பு எழுதினார், தம் இரத்தத்தால்.

பேனாவும் காகிதமும் பறிக்கப்பட்ட நாட்களில் அவர் கண்டுபிடித்த வழி அது. மூங்கில் சிம்பையோ கொண்டை ஊசியையோ கல்லில் தீட்டி விரலைக் குத்துவார். கசியும் இரத்தத்தை ஒரு கரண்டியில் பிடித்து, தொட்டுத் தொட்டு எழுதுவார். காகிதம் இல்லாவிட்டால் சட்டை, சட்டை இல்லாவிட்டால் படுக்கை விரிப்பு. இதைச் சொல்வது அவருடைய ஆதரவாளர்கள் மட்டுமல்ல. 1966ஆம் ஆண்டு டிசம்பரில் அவருக்குத் தண்டனையைக் கூட்டப் பரிந்துரைத்த சிறை நிர்வாகமே, உடம்பை நூற்றுக்கணக்கான முறை குத்தி இலட்சக்கணக்கான எழுத்துகள் எழுதினார் என்று குற்றப் பட்டியலில் பதிவு செய்திருக்கிறது. அவருக்காக இதைவிடச் சிறந்த சாட்சி யாரால் சொல்ல முடியும்?

அவருடைய எழுத்துகளில் மிக நீளமானது கட்சியின் நாளேடான ‘மக்கள் நாளிதழ்’ ஆசிரியர் குழுவுக்கு எழுதிய கடிதம். 1965 ஜூலை 14 அன்று தொடங்கினார். பிரெஞ்சுப் புரட்சியில் பஸ்தீல் சிறை வீழ்ந்த நாள் அது; நாள் பார்த்துத்தான் தொடங்கினார். அந்த டிசம்பரில் முடித்தபோது 137 பக்கங்கள், ஏறக்குறைய 1 லட்சத்து 40 ஆயிரம் சீன எழுத்துகள். முழுவதையும் இரத்தத்தால் எழுதினார் என்று பலர் சொல்வதுண்டு. உண்மையில் எழுதியது மையால். பக்கங்களில் முத்திரை குத்தியதுதான் இரத்தத்தால். உண்மையே போதுமான அளவு கனமாக இருக்கும்போது மிகைக்கு அவசியம் என்ன?

இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. அந்தக் கடிதத்தில் நிதானம் தவறிய பக்கங்கள் உண்டு. ஷாங்ஹாய் மேயரின் சாவைப் பற்றியும், அவருக்கும் தமக்கும் இருந்ததாக அவர் நம்பிய உறவைப் பற்றியும் எழுதிய பகுதிகள் படிப்பவரைத் திகைக்க வைக்கும். ஆண்டுக்கணக்கில் தனிமையும் விலங்கும் ஒரு மூளையை என்ன செய்யும் என்பதற்கு அந்தப் பக்கங்கள் ஆதாரம். ஆனால் அவற்றுக்கு நடுவே, ஒரு நாடே இழந்துவிட்ட தெளிவோடு எழுதிய பக்கங்களும் இருக்கின்றன.

அடிமைத்தனத்தை எதிர்ப்பவர் இன்னொருவரை அடிமையாக்கி வெற்றி பெற முடியுமா என்று அங்கே கேட்கிறார். ஒருவர் அடிமையாக இருக்கும்வரை, அவரை அடிமைப்படுத்தியவருக்கும் விடுதலை இல்லை என்கிறார். கொடுமை செய்கிறவர்களிடத்தில்கூட எப்போதாவது மனிதத்தன்மையின் ஒரு கீற்றைக் கண்டதாகவும், அதைக் கண்டு அழுததாகவும் எழுதுகிறார். இரத்தம் சிந்திப் பெற்ற விடுதலை விடுதலையாகவே நிலைக்குமா என்பது அவரை விடாமல் அரித்த கேள்வி. சிறைக் காவலர்கள் இதை எதிர்ப்புரட்சிப் பிரசாரம் என்று கட்டி வைத்தார்கள். குளிர்நீர்த் தொட்டியில் கிடந்த பண்ணையாரின் ஓலத்தை ஒருகாலத்தில் மகிழ்ச்சியோடு கேட்டவர் எழுதியது இது. அவர் கண்டித்தது மாவோவின் ஆட்சியை மட்டுமல்ல.

1966 மே மாதம், சிறைத் தண்டனை முடிந்து வெளியே வந்திருந்த சாங் யுவான்சுன் அவரைப் பார்க்கப் போனார். வருங்காலக் கணவர் என்று பொய் சொல்லித்தான் அனுமதி பெற முடிந்தது. கூட்டி வரப்பட்ட லின் ஜாவின் தலையில் ஒரு வெள்ளைத் துணி. அதில் ‘அநீதி’ என்ற ஒற்றை எழுத்து, இரத்தத்தில். எப்படியும் தம்மைக் கொன்றுவிடுவார்கள், தாயையும் தங்கை தம்பியையும் பார்த்துக்கொள், இந்தத் துன்பத்தை என்றாவது உலகத்துக்குச் சொல் என்றார். பிரியும்போது மிட்டாய்க் காகிதத்தை மடித்துச் செய்த ஒரு சிறிய பாய்மரக் கப்பலை நண்பரிடம் கொடுத்தார்.

1967ஆம் ஆண்டு இறுதியில் தாய்க்கு எழுதிய ஒரு கடிதம் அரசியல் பேசவில்லை. பசி பேசுகிறது. மாட்டிறைச்சி ஒரு சட்டி வேக வை, ஆட்டிறைச்சி ஒரு சட்டி, பன்றித் தலை, வாத்து, மீன், பலகாரம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அது அவரே எழுதி ரசித்த பட்டியல் என்பது படித்தால் தெரியும். விளையாட்டும் பசியும் கலந்திருக்கின்றன. பெற்ற தாயிடம் பொய்ப் புகார் எழுதிய மகள், இறுதியில் அதே தாயிடம் சோறு கேட்கிறார்.

மறுஆண்டு ஏப்ரல் 29. சிறை மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தவரை ஆயுதமேந்திய சிப்பாய்கள் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். உடை மாற்றக்கூட விடவில்லை. 20 ஆண்டுத் தண்டனை மரண தண்டனையாக மாறியிருந்தது. சிறைக்குள் எழுதியவைதான் புதிய குற்றம். அன்றே சுட்டார்கள்.

கோப்புகள்

தோட்டாவுக்கு விலை வாங்கிய அதே அமைப்பு, அவர் எழுதிய தாள்களைக் கொளுத்தவில்லை. குற்றத்துக்கான ஆதாரம் அல்லவா? எண் போட்டு, கட்டி, கோப்பில் வைத்தது. கலாசாரப் புரட்சியின் வெறியில் நூலகங்களும் கோயில்களும் எரிந்தபோது இந்தக் காகிதங்கள் மட்டும் அரசாங்க அலமாரியில் பத்திரமாக இருந்தன. இன்று லின் ஜாவைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, அவரைக் கொன்றவர்கள் ஒழுங்காகக் கோப்பு வைத்ததால் கிடைத்தது.

தாய் சூ சியான்மின் அந்த மே தினத்துக்குப் பின் மனம் பேதலித்துப் போனார். தெருவில் அலைந்து திரிந்தார். 1975இல் இறந்தார்.

மாவோ மறைந்து, காலம் மாறிய பின் 1980ஆம் ஆண்டு ஷாங்ஹாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. எப்படி? அவர் மனநோயாளி, ஆகவே குற்றவாளி அல்லர் என்று. ஆட்சியைக் குறை சொன்னவருக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் உட்பொருள். சுட்டவர்களுக்கு என்ன பிடித்திருந்தது என்பதை நீதிமன்றம் ஆராயவில்லை. 1981 இறுதியில் இன்னொரு தீர்ப்பு வந்து, மனநோய்க் காரணத்தை நீக்கி, அவர் குற்றமற்றவர் என்று மட்டும் சொன்னது.

அதே 1981ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான ஒரு நீண்ட கட்டுரையில்தான் ஐந்து காசு விஷயம் முதன்முதலாக நாடறியச் சொல்லப்பட்டது. வெளியிட்ட பத்திரிகை எது தெரியுமா? ‘மக்கள் நாளிதழ்’. 137 பக்கக் கடிதம் எழுதி அவர் பதிலுக்குக் காத்திருந்த அதே ஆசிரியர் குழு.

1980 டிசம்பரில் பெய்ஜிங்கில் பழைய ஆசிரியர்களும் வகுப்புத் தோழர்களும் கூடி நினைவஞ்சலி நடத்தினர். இறந்தவரைப் போற்றி இரட்டை வரிகள் எழுதித் தொங்கவிடுவது சீனர் வழக்கம். அன்று தொங்கிய ஓர் இணையில் சொற்களே இல்லை. ஒரு பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. மறுபக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி.

1982ஆம் ஆண்டு கையெழுத்துப் படிகளில் ஒரு பகுதி தங்கையின் கைக்கு வந்தது. பின்னர் அரசுச் செய்தி நிறுவனத்தில் வேலை பார்த்த ஹூ ஜியே என்பவர், இந்தப் பெண்ணின் கதையைக் கேள்விப்பட்டு, வேலையை உதறிவிட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். பழைய தோழர்களைத் தேடிப் பிடித்துப் பேச வைத்தார். 2004இல் முடிந்த அவருடைய ஆவணப்படத்தைச் சீனத் தொலைக்காட்சி எதுவும் காட்டவில்லை. கைமாறிக் கைமாறிப் பரவியது.

அதே ஆண்டு சூசோ அருகே லிங்யான் மலைச் சரிவில் லின் ஜாவுக்கு ஒரு கல்லறை எழுந்தது. யார் யாரோ வந்து பூ வைத்தார்கள். சில ஆண்டுகளில் கல்லறைக்கு எதிரே கண்காணிப்புக் கேமரா பொருத்தப்பட்டது. ஏப்ரல் 29ஆம் தேதி வந்தால் மலைப்பாதையில் போலீஸ் நிற்கும். பூவோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதும் உண்டு, பிடித்துக்கொண்டு போனதும் உண்டு.

அந்த 137 பக்கக் கடிதம் என்ன ஆனது? நெருக்கி எழுதிய, எளிதில் படிக்க முடியாத கையெழுத்து. அதை எழுத்து எழுத்தாகப் படித்து, பிரதி எடுக்க ஒருவர் உட்கார்ந்தார். திருமணத்துக்கு அனுமதி கேட்டு மறுக்கப்பட்டு, சின்ஜியாங் பாலைவனத்தில் இளமையைத் தொலைத்துவிட்டுத் திரும்பிய கான் சுய். அப்போது அவர் முதியவர். பிரதி எடுத்து முடிக்க அவருக்கு நான்கு மாதங்கள் பிடித்தன.